நடந்து போகிறவரிடம் ஆதார் கேட்பது



இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி மிகச் சிறியது. சாலையில் போகிற ஒருவரைப் போலீஸ்காரர் நிறுத்தி, “ஆதாரை எடு” என்றால், அவர் எடுத்துக் காட்டித்தான் ஆக வேண்டுமா? பதிலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி ஓட்டுகிறவர் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும். நடந்து போகிறவரும், பஸ்ஸுக்கு நிற்கிறவரும், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரும் ஏதாவது ஓர் அடையாள அட்டையை எந்நேரமும் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும் என்று இந்தியக் குடிமக்களுக்குப் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. கையில் இல்லாத அட்டைக்காகத் தண்டிக்கவும் சட்டம் இல்லை.

இது புத்தகத்தில் இருக்கிற பதில். இரவு பதினொரு மணிக்கு ஓசூர் சிப்காட் சந்திப்பில் கிடைக்கிற பதில் வேறு. இரண்டாம் ஷிப்ட் முடிந்து மூக்கண்டப்பள்ளிக்கோ சின்ன எலசகிரிக்கோ பேகேபள்ளிக்கோ நடந்து போகிற ஒடிசாக்காரப் பையனிடம், அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவனிடம் கேட்கப்படுவது ஒன்றே ஒன்று: “ஆதார் ஹை க்யா?” அவன் தடுமாறினால் அடுத்தது செல்போன். அதையும் திறந்து காட்டச் சொல்வார்கள். அதற்கும் தயங்கினால் வண்டியில் ஏறச் சொல்வார்கள். புத்தகத்துக்கும் சந்திப்புக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஓசூரில் இந்தக் கேள்வி மற்ற ஊர்களைவிடக் கனமானது. 1970-களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் வந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் நூற்றுக்கணக்கான பட்டறைகள் வந்தன. 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019-இல் ஓசூர் மாநகராட்சியானது. சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி என்று தொழிற்பேட்டைகள் பரவின. போச்சம்பள்ளியில் ஓலாவின் மின்சார ஸ்கூட்டர் ஆலை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ். ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்கள் விடுதிகளில் தங்கி செல்போன் பாகங்களை இணைக்கிறார்கள். பீகார், ஒடிசா, அசாம், மேற்கு வங்க இளைஞர்கள் லைன் வீடுகளில் ஓர் அறைக்கு ஐந்தாறு பேராகத் தங்கி மூன்று ஷிப்ட்டுகளில் வேலை செய்கிறார்கள். இவர்கள் இல்லாமல் இந்த ஆலைகள் ஒரு நாள்கூட ஓடாது.

அதோடு இது எல்லை. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. வேப்பனப்பள்ளி வழியே போனால் ஆந்திரத்தின் குப்பம். ஓசூர்க்காரர் ஒருவரே காலையில் தெலுங்கும் மதியம் கன்னடமும் மாலையில் தமிழும் பேசுவார். பேட்டையில் உருதும் கேட்கும். இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் உள்ளூரா வெளியூரா என்பதை முகத்தையும் பேச்சையும் வைத்து யார் தீர்மானிப்பது? ஆனாலும் ஒவ்வொரு நெருக்கடியிலும் அப்படித் தீர்மானித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2016 செப்டம்பர் 12 அன்று காவிரிக் கலவரத்தில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் கொளுத்தப்பட்டன. எல்லையில் பஸ்கள் நின்றன. அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடி வரை குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, பெட்டிகளைச் சுமந்துகொண்டு நம் மக்கள் நடந்து வந்தார்கள். அந்த நாட்களில் வண்டியின் பின்பலகையில் இருந்த இரண்டு எழுத்தே அடையாள அட்டையாக இருந்தது. அந்தப் பக்கம் நம்மவர்கள் பட்ட அச்சத்தை அறிந்த ஊர் இது. இந்தப் பக்கம் வந்து உழைப்பவர்கள் நம் தெருக்களில் என்ன அச்சத்தோடு நடக்கிறார்கள் என்று யோசிக்கும் கடமை நமக்கு மற்றவர்களைவிட அதிகம்.

2020-ஐயும் நினைத்துப் பாருங்கள். கொரோனா காலத்தில் இ-பாஸ் இல்லாமல் மாவட்டம் விட்டு மாவட்டம் போக முடியாது. ஓசூரில் வீடு, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்று இருந்த ஆயிரக்கணக்கானோர் எல்லைச் சாவடியில் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நோய்க் காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. மாவட்டங்களுக்கு இடையிலான இ-பாஸ் அந்த ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. ஆனால் நிறுத்திக் கேட்கும் பழக்கமும், கேட்டால் காட்டும் பழக்கமும் அதோடு போகவில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். வண்டி ஓட்டுகிறவர் கதையை விரைவாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது தெளிவாக இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-ஆவது பிரிவு, சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும் என்கிறது. சீருடை என்ற சொல்லைக் கவனியுங்கள். 2017-இல் தமிழ்நாட்டில் அசல் உரிமம்தான் கையில் இருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. மறு ஆண்டே மத்திய மோட்டார் வாகன விதிகளின் 139-ஆவது விதி திருத்தப்பட்டு, டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ காட்டினால் போதும் என்றாயிற்று. உரிமம், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் வண்டியோடு சேர்ந்த கடமைகள். ஆபத்தான ஓர் இயந்திரத்தைப் பொதுச் சாலையில் ஓட்ட அரசு அனுமதி தந்திருக்கிறது. அந்த அனுமதியைக் காட்டச் சொல்கிறது. பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கு இந்தக் கடமை இல்லை. ஓட்டுகிறவரிடம்கூட உரிமம்தான் கேட்கலாம், ஆதார் இல்லை.

நடந்து போகிறவரிடம் சட்டம் என்ன எதிர்பார்க்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த சட்டம், ஒரே ஒரு சூழ்நிலையில் ஒருவருடைய பெயரையும் முகவரியையும் நேரடியாகக் கேட்கிறது. அது 39-ஆவது பிரிவு. பழைய சட்டத்தில் 42. பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாத ஒரு சிறு குற்றத்தை ஒருவர் போலீஸ் அதிகாரியின் கண்முன்னே செய்தால், அல்லது செய்ததாக அங்கேயே குற்றம் சாட்டப்பட்டால், அதிகாரி அவருடைய பெயரையும் இருப்பிடத்தையும் கேட்கலாம். சொல்ல மறுத்தாலோ, பொய் சொல்வதாக நம்பக் காரணம் இருந்தாலோ, அதைத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் கைது செய்யலாம். உண்மை தெரிந்தவுடன் பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு விட்டுவிட வேண்டும். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் தெரியவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் அனுப்ப வேண்டும்.

இதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. குற்றமோ குற்றச்சாட்டோ இல்லாமல் இந்தப் பிரிவு உயிர் பெறாது. அப்படியே உயிர் பெற்றாலும், அது கேட்பது வாயால் சொல்லும் பெயரையும் ஊரையும்தான், அட்டையைக் கேட்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிற இந்த விதியே அவ்வளவுதான் கேட்கிறது என்றால், அதற்கு மேல் கேட்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது?

“நூத்தி ஒம்பது போடட்டுமா?” என்ற மிரட்டலைக் கேட்டவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். பழைய சட்டத்தின் 109, புதிய சட்டத்தில் 128. மக்கள் வாயில் அதற்குப் பெயர் சந்தேகக் கேஸ். அந்தப் பிரிவுக்குத் தேவைப்படுவது இரண்டு: ஒருவர் தன் நடமாட்டத்தை மறைக்க முயல வேண்டும், கைதுக்குரிய குற்றம் ஒன்றைச் செய்யும் நோக்கத்தோடுதான் அப்படி மறைக்கிறார் என்று நம்பக் காரணம் இருக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து விளக்கு எரிகிற சாலையில் டிபன் பாக்ஸோடு நடந்து போகிறவர் எதை மறைக்கிறார்? இந்தி பேசுவது மறைப்பாகாது. ஆதார் அறையில் இருப்பதும் மறைப்பாகாது.

இப்போது எல்லாரும் சுட்டிக்காட்டுவது புதிய சட்டத்தின் 172-ஆவது பிரிவு. பழைய சட்டத்தில் இது கிடையாது. குற்றத் தடுப்புக்கான அத்தியாயத்தில், அந்த அத்தியாயத்தின் கீழான தம் கடமையை நிறைவேற்றும்போது போலீஸ் அதிகாரி தருகிற சட்டபூர்வமான உத்தரவுகளுக்கு எல்லாரும் கட்டுப்பட வேண்டும் என்கிறது. மறுப்பவரைப் பிடித்து வைக்கலாம். மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோகலாம். சிறு விஷயமானால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் விட்டுவிடலாம். இதைக் காட்டி, “நான் கார்டைக் காட்டச் சொன்னேன், அது உத்தரவு, கட்டுப்படு” என்று ஓர் அதிகாரி சொல்லக்கூடும்.

நான் அந்த வாசிப்பை ஏற்கவில்லை. உத்தரவு சட்டபூர்வமாக இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. கூட்டம் கலையச் சொன்னால், எரிகிற கட்டடத்தின் பக்கம் போகாதே என்றால், மோதல் நடக்கிற தெருவிலிருந்து விலகச் சொன்னால், அவை குற்றத் தடுப்போடு நேரடியாகத் தொடர்புடைய உத்தரவுகள். சும்மா நடந்து போகிறவரிடம் அட்டை கேட்பது எந்தக் குற்றத்தைத் தடுக்கிறது? நாடாளுமன்றம் உருவாக்காத ஒரு கடமையை, “உத்தரவு” என்ற பெயரில் ஒரு கான்ஸ்டபிள் உருவாக்க முடியாது. முடியும் என்று வைத்துக்கொண்டால் அட்டையோடு அது நிற்காது. செல்போன் கடவுச்சொல்லும் உத்தரவாகும், பையைக் கொட்டுவதும் உத்தரவாகும். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன அந்தரங்க உரிமைக்கு அப்போது என்ன பொருள்? அந்தரங்கத்தில் அரசு கை வைக்க வேண்டுமானால் அதற்குச் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு ஏற்ற அளவும் வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 172-ஐ அந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும்.

லைன் வீடுகளில் நள்ளிரவில் கதவைத் தட்டி, தூங்குகிறவர்களை எழுப்பி வரிசையாக நிற்க வைத்து அட்டை பார்ப்பதும் உண்டு. அதற்கு இன்னும் பழைய பதில் இருக்கிறது. 1962-இல் கரக் சிங் வழக்கில், போலீஸ் கண்காணிப்பில் இருந்த ஒருவருடைய வீட்டுக்கு இரவில் போய்க் கதவைத் தட்டும் அதிகாரத்தையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கொள்ளை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டு, ஆதாரமில்லாமல் விடுவிக்கப்பட்ட ஒருவருக்கே அந்தப் பாதுகாப்பு உண்டென்றால், எந்தச் சந்தேகமும் இல்லாத தொழிலாளிக்கு இல்லையா?

சட்டம் அடையாளத்தை யாரிடம் உறுதியாகக் கேட்கிறது தெரியுமா? போலீஸாரிடம். 1996 டிசம்பர் 18 அன்று டி.கே. பாசு வழக்கில், கைது செய்கிறவரும் விசாரிக்கிறவரும் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும் பட்டையை அணிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. இன்றைய சட்டத்தின் 36-ஆவது பிரிவு அதையே சொல்கிறது. கைதுக் குறிப்பு எழுத வேண்டும், சாட்சி கையெழுத்து வாங்க வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் முதலில் தன்னை யாரென்று காட்ட வேண்டும் என்ற நெறி அதில் இருக்கிறது. மஃப்டியில் வந்து, பைக்கை விட்டு இறங்காமலே, “கார்டு எடுடா” என்பவரிடம் அவருடைய அட்டையைக் கேட்க நம் தொழிலாளிக்கு எல்லா உரிமையும் உண்டு. கேட்கிற தைரியம் இல்லை என்பதற்கான காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. காவல் மரணங்கள் நடந்த சாத்தான்குளம் என்ற ஊர்ப் பெயர் போதும்.

தமிழர்களுக்கு இந்த விஷயம் புதிதல்ல. குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் கிராமங்களில் ரேகைச் சட்டம் என்றார்கள். சென்னை மாகாணத்தில் 1911-க்குப் பிறகு அது விரிந்தது. ஒரு சாதியில் பிறந்த ஆண்கள் அனைவரும் கைரேகை பதிய வேண்டும். இரவில் ஊர்ச் சாவடியில் ஆஜராக வேண்டும். ஊரைவிட்டுப் போனால் ராத்திரிச் சீட்டு கையில் இருக்க வேண்டும். சீட்டில்லாமல் பிடிபட்டவன் எந்தத் தவறும் செய்திருக்க வேண்டியதில்லை; சீட்டில்லாததே குற்றம். கைரேகை தர மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் அங்கே இறந்தார்கள். 1947-இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஆனால் அந்தப் பார்வை ஒழிந்ததா? 2023 ஜூனில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர்களை, பெண்கள் உட்பட, ஆந்திரத்தின் சித்தூர் போலீஸார் பிடித்துப் போனார்கள். காவலில் கொடுமைப்படுத்தப்பட்டதாக அவர்கள் சொன்னபோது மாநிலமே அதிர்ந்தது. எல்லையோர மாவட்டத்தில் இரண்டு அண்டை மாநிலங்களின் போலீஸும் வந்து போகின்றன. யார் வந்தார்கள், எந்த நிலையத்திலிருந்து வந்தார்கள், உள்ளூர் நிலையத்தில் சொல்லிவிட்டு வந்தார்களா என்று தெரியாமல் போவதுதான் எல்லையோரத்தில் பெரிய ஆபத்து.

தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் அரசு, இந்தியர்கள் விரல் ரேகை பதித்த பதிவுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், எந்தத் தெருவில் எந்தப் போலீஸ்காரர் கேட்டாலும் காட்ட வேண்டும் என்றது. 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் ஹமீதியா மசூதித் திடலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்களைக் கொப்பரையில் போட்டுக் கொளுத்தினார்கள். அந்தப் போராட்டத்தின் முதுகெலும்பு தமிழர்கள். தம்பி நாயுடு போன்றவர்கள் தமிழர்களோடு தமிழர்களாக நின்று திரும்பத் திரும்பச் சிறை போனார்கள். 1913-இல் அனுமதியில்லாமல் மாகாண எல்லையைக் கடந்து பெண்களும் சிறை சென்றார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று உயிர் துறந்தார். பள்ளிக்கூடங்களில் அவர் பெயரைச் சொல்கிறோம். அவர் எதை எதிர்த்துச் சிறை சென்றார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்வதில்லை. கையில் சீட்டிருந்தால்தான் மனிதன், இல்லாவிட்டால் குற்றவாளி என்ற ஆட்சியை எதிர்த்து.

இலங்கையில் தேசிய அடையாள அட்டை சட்டத்தில் இருக்கிறது. அந்த அட்டை இருந்தும் தமிழருக்கு என்ன பயன்? 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லாட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தடை விதித்த பிறகுதான் நின்றது. அட்டை இல்லாததால் அவர்கள் வெளியேற்றப்படவில்லை. அட்டையில் இருந்த பெயரும் பிறந்த ஊரும்தான் காரணம்.

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் இந்தச் சண்டை நடந்தது. போருக்காக 1939-இல் கொண்டுவந்த அடையாள அட்டை, போர் முடிந்து ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் நடைமுறையில் இருந்தது. 1950 டிசம்பரில் கிளாரன்ஸ் வில்காக் என்பவரை லண்டனில் காரை நிறுத்தி அட்டை கேட்டார்கள், அவர் மறுத்தார். வழக்கில் தோற்றார். ஆனால் போருக்கென்று செய்த சட்டத்தை அன்றாடப் போலீஸ் வேலைக்குப் பயன்படுத்துவது, சட்டத்தை மதிக்கிறவர்களையே சட்டம் மீறுகிறவர்களாக்குகிறது என்று தலைமை நீதிபதி கோடார்டு கண்டித்தார். 1952 பிப்ரவரியில் அங்கே அட்டையே ஒழிந்தது.

இனி போலீஸ் தரப்பைப் பேச வேண்டும், ஏனென்றால் அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இது கடத்தல் நடக்கும் எல்லை. ரேஷன் அரிசி அந்தப் பக்கம் போகிறது. கர்நாடக மது பாக்கெட்டும் குட்காவும் இந்தப் பக்கம் வருகின்றன. நகைக்கடையிலோ ஏடிஎம்மிலோ திருடியவர் அரை மணி நேரத்தில் வேறு மாநிலத்தில் இருப்பார். ஓர் இரவு ரோந்துக்கு இரண்டு பேர், ஒரு ஜீப், பல கிலோமீட்டர் சாலை. அவர்கள் கேள்வி கேட்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எங்கே போகிறாய், எங்கே வேலை என்று கேட்கலாம், பெரும்பாலோர் சொல்லிவிடுவார்கள். குறிப்பிட்ட தகவல் இருந்தால் வண்டியைச் சோதிக்கலாம். நியாயமான சந்தேகம் இருந்தால் புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு கைதுக்கே வழி தருகிறது. ஆனால் திருடனிடம் ஆதார் இல்லாமலா இருக்கிறது? அட்டை ஒருவர் யார் என்று சொல்லும். அவர் என்ன செய்தார் என்று சொல்லாது. 2012 பிப்ரவரியில் சென்னை வேளச்சேரியில் வங்கிக் கொள்ளைச் சந்தேக நபர்களான வடமாநிலத்தவர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, வடமாநில வாடகைக்காரர்கள் எல்லாரையும் கணக்கெடுக்கும் வேகம் பிறந்தது. அந்த வேகத்தில் கொள்ளையர்களைவிட அதிகம் சிக்கியது கட்டடத் தொழிலாளர்களின் நிம்மதிதான்.

ஆதாரைப் பற்றி ஒரு பெரிய குழப்பமும் இருக்கிறது. ஆதார் குடியுரிமைக்கும் நிரந்தர வசிப்பிடத்துக்கும் சான்றாகாது என்று 2016-ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 9-ஆவது பிரிவே சொல்கிறது. ஆகவே அதைக் காட்டினாலும், “இது போதாது, நீ வங்கதேசத்துக்காரன்” என்று சொல்ல இடம் இருக்கிறது. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணிப் பெண் 2025 ஜூனில் டெல்லியில் பிடிக்கப்பட்டு, குடும்பத்தோடு வங்கதேசத்துக்குத் தள்ளப்பட்டார். அவர்களை அழைத்துவர வேண்டும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் செப்டம்பரில் உத்தரவிட்டது. டிசம்பரில்தான் அவர் திரும்பி வந்தார். சிப்காட்டில் வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிற மால்டாக்காரரும் முர்ஷிதாபாத்காரரும் இந்தச் செய்தியைத் தங்கள் போனில் பார்த்திருக்கிறார்கள். அவர்களிடம் ஓசூர் ரோந்து ஜீப் ஆதார் கேட்கும்போது அவர்கள் மனதில் ஓடுவது என்னவென்று நாம் அறிந்திருக்க வேண்டும்.

அந்த அட்டை பல நேரம் அவர்கள் கையிலும் இருப்பதில்லை. காண்ட்ராக்டரிடம் இருக்கும், விடுதி வார்டனிடம் இருக்கும், பிஎஃப் வேலைக்கென்று வாங்கிய அலுவலக மேஜையில் இருக்கும். வேலையை விட்டுப் போகக் கூடாது என்பதற்காகவே அசலை வாங்கி வைத்துக்கொள்கிற காண்ட்ராக்டர்கள் உண்டு. 1979-ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டம், புகைப்படம் ஒட்டிய பாஸ்புக்கைக் காண்ட்ராக்டர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் தர வேண்டும் என்றது. அதில் வேலை, காலம், கூலி, முன்பணம், பிடித்தம் எல்லாம் எழுதப்பட வேண்டும். தொழிலாளியின் உரிமைக்காகச் சட்டம் தந்த அடையாளத் தாள் அது. அதைக் கொடுக்காத காண்ட்ராக்டரை நிறுத்திக் கேட்டவர் யார்? 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது அந்தச் சட்டமும் போயிற்று. நாற்பத்தாறு ஆண்டுகளாகத் தொழிலாளிக்கு வர வேண்டிய தாள் வரவில்லை; தொழிலாளி காட்ட வேண்டிய தாளை மட்டும் இரவுதோறும் கேட்டோம். இதை நான் ஆத்திரத்தோடுதான் சொல்கிறேன்.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் வந்துவிட்டது. தமிழ்நாடு காவல்துறை 2021-இல் முகத்தை வைத்து ஆளைக் கண்டறியும் மென்பொருளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. இப்போது அட்டை கேட்கவே வேண்டாம். போனைத் தூக்கிப் படம் பிடித்தால் போதும், பழைய குற்றவாளிகளின் பட்டியலோடு ஒப்பிட்டுவிடும். அட்டையைக் காட்ட மறுக்கலாம், முகத்தை எங்கே வைப்பது? 2022-ஆம் ஆண்டு குற்ற நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் கைதானவர்களிடமிருந்து ரேகை, கருவிழி, படம் முதலியவற்றை எடுக்க வகை செய்கிறது. கைதாகாத வழிப்போக்கரைப் பற்றி அது பேசவில்லை. காவல்துறையின் அந்த முக அடையாளத் தளத்துக்குள் 2024 மே மாதத்தில் வெளியார் ஊடுருவிய செய்தியையும் படித்தோம். ஒருவருடைய சம்மதமோ சட்டமோ இல்லாமல் எடுத்த படம் யார் கையில் போய்ச் சேரும் என்று காவல்துறையாலேயே உறுதி சொல்ல முடியாத நிலை அது.

பிறகு தொழிலாளி என்ன செய்ய வேண்டும்? நிறுத்தினால் ஓட வேண்டாம். ஓடினால் அதுவே சந்தேகத்துக்குக் காரணமாக்கப்படும். பெயரையும், தங்கும் இடத்தையும், வேலை செய்யும் கம்பெனியையும் உண்மையாகச் சொல்லுங்கள். சட்டம் எப்போதும் அதைக் கோராவிட்டாலும், பொய்ப் பெயர் சொல்வது எந்த நிலையிலும் உங்களுக்குத் தீங்கு. போலி அட்டையைக் காட்டவே காட்டாதீர்கள். கம்பெனி அடையாள அட்டை இருந்தால், விருப்பப்பட்டால் காட்டுங்கள். ஆதார் தர நேர்ந்தால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் காட்டுங்கள். அட்டையைக் கையில் பிடித்துக் காட்டுங்கள், கொடுத்துவிடாதீர்கள். போனைத் திறந்து தரச் சொன்னால், எதற்காக என்று மரியாதையாகக் கேளுங்கள். நிலையத்துக்குக் கூப்பிட்டால், கைதா, எந்த வழக்கு என்று கேளுங்கள். யாருக்காவது தகவல் சொல்லுங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. அதைப் பெண்கள் விடுதிகளின் சுவரில் எழுதி வையுங்கள்.

ஆனால் பாரத்தை முழுதும் தொழிலாளியின் தோளில் ஏற்றிவிட்டு நாம் வீட்டுக்குப் போக முடியாது. இரவு பதினொரு மணிக்குச் சீருடைக்காரரிடம் சட்டப் பிரிவைச் சொல்லி வாதாடச் சொல்வது, நீந்தத் தெரியாதவனை ஆழத்தில் இறக்கிவிட்டுக் கரையிலிருந்து பாடம் நடத்துவதற்குச் சமம். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவியபோது, தமிழ்நாடு போலீஸார் ஆலைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் போய் இந்தியில் பேசி, எண்களைக் கொடுத்து, அச்சத்தைப் போக்கினார்கள். அது நல்ல வேலை, மனதாரப் பாராட்டுகிறேன். பீதியின்போது அப்படிப் பேச முடிந்த துறைக்கு, சாதாரண இரவுகளிலும் அப்படிப் பேச முடியும்.

ஆகவே இந்த மேடையிலிருந்து மூன்று தரப்பாரிடம் கேட்டுக்கொள்கிறேன். மாவட்டக் காவல்துறைக்கு: நடந்து போகிறவரிடம் ஆதார் கேட்கக் கூடாது என்று எழுத்தில் ஓர் அறிவுறுத்தல் கொடுங்கள்; ரோந்தில் யாரையாவது நிறுத்தினால், காரணத்தையும் நேரத்தையும் நிறுத்தியவர் பெயரையும் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள்; அண்டை மாநிலப் போலீஸ் நம் மாவட்டத்துக்குள் வந்தால் உள்ளூர் நிலையத்தில் பதிவு இல்லாமல் ஒருவரையும் கொண்டுபோக விடாதீர்கள். ஆலை நிர்வாகங்களுக்கு: உங்கள் காண்ட்ராக்டர்கள் யாரிடம் அசல் ஆதாரை வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று இந்த மாதமே கேளுங்கள், திருப்பிக் கொடுக்கச் செய்யுங்கள், இரவு ஷிப்ட் முடிந்தவர்களுக்குப் பஸ் விடுங்கள். வழக்கறிஞர் நண்பர்களுக்கும் சங்கத் தோழர்களுக்கும்: 172-ஆவது பிரிவை அட்டை கேட்கும் ஆயுதமாக்கும் முதல் வழக்கு இந்த மாவட்டத்தில் வந்தால், அதை அபராதத்தோடு முடித்துவிடாமல் உயர் நீதிமன்றம் வரை எடுத்துச் செல்லுங்கள். கட்டணம் வாங்காமல் உங்களோடு நானும் வருகிறேன்.